பக்கக் காற்றில் ட்ராவல் ட்ரெய்லர்: வடிவம் பார்த்து, எடை பார்த்து, அப்புறம் சாலைக்கு

அமெரிக்காவில் முதல் ட்ராவல் ட்ரெய்லர் வாங்குகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் பார்க்கிறேன். கட்டில், சமையலறை, குளியலறை எல்லாம் பிடித்துப்போய் வாங்குவார்கள். காற்றடிக்கும் நாளில் நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் வாலாட்டும். மறுநாளே, அந்த ஆட்டத்தை அடக்கும் கம்பியான ஸ்வே பார் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். ஸ்வே பார் நல்ல பொருள்தான், ஆனால் அது வரிசையில் ஐந்தாவதாக வரவேண்டியது. அதற்கு முன் பார்க்கவேண்டிய நான்கையும் விட்டுவிட்டு அதை மட்டும் மாட்டினால், நோய் இருக்க வலி மட்டும் மறையும்.

இந்த வழிகாட்டி பிக்கப் ட்ரக் அல்லது பெரிய எஸ்.யு.வி. பின்னால் ஹிட்ச் பால் (ட்ரெய்லரைக் கோக்கும் இரும்பு உருண்டை) வைத்து இழுக்கும் ட்ரெய்லர்களுக்கானது. இழுக்கும் வண்டியை ட்ரக் என்றும், சாலையில் கடந்துபோகும் பதினெட்டுச் சக்கர வண்டிகளை லாரி என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன். சாலைப் பலகையும் எடைமேடைச் சீட்டும் மைலிலும் பவுண்டிலும்தான் இருக்கும் என்பதால் அளவுகளையும் அப்படியே விட்டுவிட்டேன்.

1. கையில் இருக்கவேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு அட்டை, கத்தரிக்கோல், டயர் காற்றழுத்தமானி. ட்ரக்கின் கையேடு. ஹிட்சின் கையேடு தனியாக வேண்டும், அதைத் தொலைத்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடை இருக்கும், அங்கே போக அரை நாள் ஒதுக்கிவையுங்கள்.

பயணத்துக்கு எப்படிக் கட்டுவீர்களோ அப்படியே கட்டிய ட்ரெய்லரும் வேண்டும். காலி ட்ரெய்லரை எடைபோட்டு வந்தால் அந்தச் சீட்டால் பயனில்லை.

2. காற்று எங்கே தள்ளுகிறது என்று அட்டையில் கண்டுபிடியுங்கள்

பக்கக் காற்றைப் பற்றிக் கேட்கும் எல்லோரும் எவ்வளவு வேகம் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் போலவே எந்த இடத்தில் தள்ளுகிறது என்பதும் முக்கியம். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ட்ரெய்லரை நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று படமெடுங்கள். அச்செடுத்து அட்டையில் ஒட்டி, பெட்டியின் உருவத்தை மட்டும் வெட்டுங்கள். சக்கரமும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புச் சட்டமும் வேண்டாம். வெட்டிய அட்டையை ஒரு பென்சிலின் மேல் குறுக்காக வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே சாயாமல் நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பக்கப் பரப்பின் மையம். ட்ரெய்லரின் இரண்டு ஆக்சில்களுக்கும் (சக்கர அச்சுகளுக்கும்) நடுப்புள்ளியில் இன்னொரு கோடு. ஹிட்ச் பால் இருக்கும் இடத்தையும் அதே அளவில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாதாரண உதாரணம்: பெட்டி நீளம் 22 அடி, உயரம் 8 அடி, ஆகப் பக்கப் பரப்பு 176 சதுர அடி. ஹிட்ச் பாலிலிருந்து பெட்டியின் முகம் 3.5 அடி, ஆக்சில் நடு 17 அடி, பரப்பின் மையம் 14.5 அடி. அதாவது மையம் ஆக்சிலுக்கு 2.5 அடி முன்னால் இருக்கிறது.

காற்றழுத்தத்துக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகத்தை (மணிக்கு எத்தனை மைல் என்பதை) அதாலேயே பெருக்கி, 0.00256-ஆல் பெருக்கினால் ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு என்று வரும். நம் 176 சதுர அடிச் சுவருக்கு 30 மைல் காற்றில் சுமார் 400 பவுண்டு, 40 மைலில் 700-க்குச் சற்று மேல், 60 மைலில் 1,600. காற்று இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்காகும்.

அந்த 700 பவுண்டு, ஆக்சிலுக்கு 2.5 அடி முன்னால் விழுந்தால் ஹிட்ச் பாலுக்கு வரும் பங்கு 700 × 2.5 ÷ 17, சுமார் 100 பவுண்டு. மீதியை ட்ரெய்லர் டயர்கள் தாங்கும். அந்த 100 பவுண்டும் ட்ரக்கின் பின் ஆக்சிலுக்குப் பின்னால், பம்பருக்கு அடியில், பக்கவாட்டில் இழுக்கிறது. ஸ்டீயரிங்கில் உங்கள் கை உணர்வது அதைத்தான்.

இது நிற்கும் வண்டிக்கான கணக்கு. ஓடும் வண்டியில் இரண்டு விஷயங்கள் மாறும்.

முதலாவது, காற்றின் திசையும் வேகமும். 60 மைலில் ஓடும்போது சரியாகக் குறுக்கே 25 மைல் காற்று அடித்தால், ட்ரெய்லர் உணர்வது 65 மைல் காற்று. அது பக்கவாட்டில் வராமல், முன்னாலிருந்து சுமார் 23 டிகிரி சாய்ந்து வரும். இதில் பக்கத் தள்ளல் நிற்கும் ட்ரெய்லரைவிடத் தோராயமாக இரண்டரை மடங்கு ஆகும். அதே காற்றில் வேகத்தை 45-க்குக் குறைத்தால் பக்கத் தள்ளலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வேகத்தைக் குறை என்று எல்லோரும் சொல்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது, தள்ளும் இடம் முன்னால் நகரும். சாய்ந்து வரும் காற்று பெட்டியின் முன்பகுதியில்தான் அதிகம் பிடிக்கும். அட்டையில் கண்ட மையம் 14.5 அடி என்றால் ஓட்டத்தில் அது 12 அடிக்குக்கூட வரலாம். அப்போது அதே 700 பவுண்டில் ஹிட்ச் பாலின் பங்கு 100-லிருந்து 200-க்கு ஏறிவிடும்.

ஆக்சிலை நடுவில் வைத்துவிட்டால் ஹிட்சுக்குத் தள்ளலே வராதே என்று சிலர் கேட்பார்கள். வராதுதான். ஆனால் பாரமும் பின்னுக்குப் போய், டங் வெயிட் (ஹிட்ச் பால் மேல் இறங்கும் பாரம்) குறைந்து, காற்றே இல்லாத நாளில்கூட ட்ரெய்லர் தானாக ஆட ஆரம்பிக்கும். தள்ளும் மையம் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் இன்னும் மோசம்: ட்ரெய்லரின் வால் காற்றோடு ஒதுங்கும், ஹிட்ச் காற்றுக்கு எதிராக இழுக்கும், அதனால் ட்ரக்கின் மூக்கு காற்று போகும் பக்கமே திரும்பும். மையம் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் இருப்பதுதான் பிழைக்கத் தெரிந்த அமைப்பு.

3. வடிவத்தைப் பகுதி பகுதியாகப் பாருங்கள்

விற்பனைக்காரர் உருண்ட மூக்கைக் காட்டி “காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்” என்பார். எதிர்க்காற்றில் பெட்ரோல் மிச்சமாகும், அது உண்மை. பக்கக் காற்றில் அந்த மூக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நான் பார்க்கும் வரிசை வேறு.

முதலில் கூரையின் நீள விளிம்பு. பக்கச் சுவரும் கூரையும் சேரும் இடம் கூர்மையான மடிப்பா, உருண்ட வளைவா? வளைவாக இருந்தால் காற்று சுவரில் முட்டி நிற்காமல் மேலேறி வழிந்து போகும், தள்ளலும் கவிழ்க்கும் விசையும் குறையும். ஏர்ஸ்ட்ரீமின் பக்க உருவம் இதில் நல்லது. முட்டை வடிவ ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லர்கள், ஸ்கேம்ப், கசீட்டா போன்றவை, இன்னும் நல்லவை. அவற்றின் உயரமும் நீளமும் குறைவு. மூக்கு மட்டும் உருண்டு கூரை விளிம்பு பெட்டி மாதிரி இருப்பவை நிறைய விற்கின்றன, அவற்றை நம்பி ஏமாறாதீர்கள்.

அடுத்து, பக்கத்திலிருந்து பார்க்கும்போது முகம் எப்படிச் சாய்கிறது. மேலே போகப்போகப் பின்னால் சாயும் முகமாக இருந்தால் முன் மேல் மூலையில் பரப்பு குறையும், அட்டை மையம் பின்னால், ஆக்சில் பக்கம் நகரும். இது நிஜமான ஆதாயம். கூரை பின்பக்கம் இறங்கி, முகம் மட்டும் நிமிர்ந்து நிற்கும் வடிவத்தில் நடப்பது தலைகீழ்: மையம் முன்னால் போகும். இரண்டையும் அட்டையில் வெட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முகத்தின் செங்குத்து மூலைகளில், மேலிருந்து பார்த்தால் தெரியும் வளைவு ஒரு சிக்கலான சங்கதி. சாய்ந்து வரும் காற்று உருண்ட மூலையை ஒட்டியே வளைந்து ஓடும்போது, காற்று மறைவுப் பக்கத்து முன்மூலையில் உறிஞ்சல் உண்டாகும். அது மூக்கை அந்தப் பக்கம் இழுக்கும். கூர்மையான மூலையில் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடுவதால் அந்த இழுப்பு குறைவு. பின்மூலைகளில் கூர்மையாக இருப்பதே நேராக ஓட உதவும். கார் வடிவமைப்பாளர்கள் பின்பக்க ஓரங்களைக் கூராக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எல்லா மூலையும் உருண்டிருந்தால் எல்லாக் காற்றுக்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு உயரம். ஒரே பரப்பு என்றாலும் மேலே இருக்கும் பரப்பு கவிழ்க்கும் வேலையை அதிகம் செய்யும். காட்டுப்பாதைக்கென்று ஆக்சிலை மாற்றி நான்கைந்து அங்குலம் தூக்கிய ட்ரெய்லர்கள் இப்போது மோஸ்தர். தூக்கினால் சுவர் மொத்தமும் மேலே போகிறது, அடியில் நுழையும் காற்றும் கூடுகிறது. மண் சாலையில் போகவே மாட்டீர்கள் என்றால் தேவையில்லாத செலவு.

கடைசியாக, பரப்பையும் எடையையும் சேர்த்துப் பாருங்கள். 176 சதுர அடிச் சுவரோடு 6,200 பவுண்டு எடையுள்ளது ஒரு ரகம். அதே சுவரோடு 3,500 பவுண்டுக்கு வரும் “அல்ட்ரா லைட்” இன்னொரு ரகம். சக்கரங்களுக்கு நடுவே 6 அடி, தள்ளல் தரையிலிருந்து 6.5 அடி உயரத்தில் என்று வைத்துக் கணக்குப் போட்டால், முதலாவது நின்ற இடத்தில் கவிழச் சுமார் 80 மைல் காற்று வேண்டும், இரண்டாவதுக்கு 60 மைல் போதும். ஸ்பிரிங் சாய்வையும் ஓட்ட வேகத்தையும் சேர்க்காத கணக்கு இது. நிஜத்தில் அதற்கு வெகு முன்னாலேயே கையை மீறிவிடும். இலகுவான ட்ரெய்லரை இழுப்பது சுலபம் என்று வாங்குபவர்கள் இந்த ஒரு இடத்தை மட்டும் பார்ப்பதில்லை.

மடங்கும் ரகங்களான ஏ-லைனர், ட்ரெய்ல்மேனர் போன்றவை ஓட்டத்தில் ட்ரக்கின் உயரத்துக்கே ஒடுங்கிவிடும். பக்கக் காற்றுக்கு இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கருத்து. வசதி குறைவு என்று மனைவி மக்கள் சொன்னால் அது வேறு பஞ்சாயத்து. ட்ரக்கின் பின்பெட்டிக்குள் கோக்கும் ரகமான ஃபிஃப்த் வீல் உயரத்தில் 13 அடி தொடும், பரப்பும் அதிகம். ஆனால் அதன் இணைப்பு ட்ரக்கின் பின் ஆக்சிலுக்கு மேலேயே இருப்பதால் பக்கத் தள்ளல் ட்ரக்கைத் திருப்புவதில்லை. ஆட்டம் குறைவு, கவிழும் ஆபத்து அப்படியே இருக்கும்.

4. எடைமேடையில் மூன்று முறை

வடிவத்தை மாற்ற முடியாது, பாரத்தை மாற்றலாம். மாற்றுவதற்கு முன் அளந்தாக வேண்டும். கேட் ஸ்கேல் சீட்டில் ட்ரக்கின் முன் ஆக்சில், பின் ஆக்சில், ட்ரெய்லர் ஆக்சில்கள் தனித்தனியாக வரும். முதலில் ட்ரக் மட்டும். அடுத்து ட்ரெய்லர் மாட்டி, ஹிட்ச் பால் மேல் இறங்கும் எடையை எல்லா ஆக்சில்களுக்கும் பகிரும் ஸ்பிரிங் பார்களைப் போடாமல். மூன்றாவது பார்களைப் போட்டு.

ஒரு சீட்டு இப்படி இருக்கும் என்று வையுங்கள். ட்ரக் மட்டும்: முன் 3,340, பின் 2,720, மொத்தம் 6,060. பார் இல்லாமல் மாட்டியபின்: முன் 3,020, பின் 3,860, ட்ரெய்லர் ஆக்சில்கள் 5,340. ட்ரக்கின் மொத்தம் 6,880 ஆகிவிட்டது. கூடிய 820 பவுண்டுதான் டங் வெயிட், அதாவது ஹிட்ச் பால் மேல் இறங்கும் பாரம். ட்ரெய்லரின் முழு எடை 5,340 + 820, ஆக 6,160. டங் வெயிட் 13 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த வகை ட்ரெய்லருக்கு 10 முதல் 15 சதவீதம் இருக்கவேண்டும். காற்றுள்ள பகுதிகளில் ஓட்டுகிறவர்கள் 12-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது: விளம்பரத் தாளில் போட்டிருக்கும் “ஹிட்ச் வெயிட்” எண்ணை எடுத்துக்கொள்வது. அது சாமான் ஏற்றாத ட்ரெய்லருக்கானது. பல தாள்களில் பேட்டரியும் கேஸ் சிலிண்டரும் கூடச் சேர்ந்திருக்காது. இன்னொரு பக்கம், அந்த 820 பவுண்டு ட்ரக்கின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பேலோடு எண்ணிலிருந்து (ட்ரக் சுமக்கக்கூடிய எடையிலிருந்து) கழியும். அதில் குடும்பத்தின் எடையையும் கழித்துப் பாருங்கள். நிறைய எஸ்.யு.வி.க்களில் இங்கேயே கதை முடிந்துவிடும்.

5. சாமானை எங்கே வைப்பது

ஆக்சிலுக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும் கனமானவை. அரிசி மூட்டை, தண்ணீர் கேன், கருவிப் பெட்டி, இரும்புத் தோசைக்கல், கிரைண்டர் எல்லாம் அங்கே. இரண்டு முனைகளிலும் இலகுவானவை. காரணம் டங் வெயிட் மட்டுமில்லை. மொத்த எடை ஒன்றுதான் என்றாலும், முனைகளில் கிடக்கும் பாரம் ஒருமுறை ஆட ஆரம்பித்தால் நிற்க மறுக்கும். நடுவில் கிடக்கும் பாரத்தை டயர்கள் சீக்கிரம் அடக்கிவிடும்.

பின் பம்பரில் சைக்கிள் தாங்கி மாட்டி நான்கு சைக்கிள் தொங்கவிடுவது நம் குடும்பங்களில் அதிகம் காணும் பழக்கம். எடை 150 பவுண்டுதான் என்பார்கள். நம் உதாரண ட்ரெய்லரில் அது ஆக்சிலுக்குப் பத்து அடிக்கும் மேல் பின்னால் தொங்குகிறது. 150 பவுண்டை அங்கே தொங்கவிட்டால் ஹிட்சிலிருந்து 90 பவுண்டுக்குக் குறையாமல் தூக்கிவிடும். சைக்கிளை ட்ரக்கின் பின்பெட்டியில் போடுங்கள்.

நல்ல தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டு. அது ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் நிரப்புவது உதவும், பின்னால் இருந்தால் காலியாக ஓட்டுங்கள். பாதி நிரப்புவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அலைமோதும். கழிவுத் தொட்டிகளைக் கிளம்பும் முன் காலி செய்யவேண்டும். அவை பெரும்பாலும் பின்பக்கமே இருக்கும்.

அடுக்கியபின் மறுபடி எடைபோடுங்கள். சோம்பலாகத்தான் இருக்கும். இரண்டாவது சீட்டு இல்லாவிட்டால் அடுக்கியதால் என்ன மாறியது என்று தெரியாது.

6. ஹிட்ச், அப்புறம் ஸ்வே கட்டுப்பாடு

இப்போதுதான் ஹிட்ச். ட்ரெய்லர் சமமாகவோ மூக்கு ஒரு துளி தாழ்ந்தோ நிற்கவேண்டும். மூக்கு தூக்கி நின்றால் டங் வெயிட் குறையும், பின்னால் கனம் சேரும். ஹிட்ச் பாலின் உயரத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள், ஸ்பிரிங் பாரை இழுத்துக் கட்டிச் சமாளிக்காதீர்கள்.

எடைப் பகிர்வு ஹிட்ச் செய்வது என்ன என்று அந்தச் சீட்டிலேயே தெரியும். ட்ரெய்லர் மாட்டியதும் ட்ரக்கின் முன் ஆக்சில் 320 பவுண்டு இழந்தது. பார் போட்டபின் முன் 3,220, பின் 3,500, ட்ரெய்லர் 5,500 என்று வந்தால், இழந்ததில் 200 திரும்பிவிட்டது. முன் டயரில் பாரம் இருந்தால்தான் காற்றுக்கு எதிராகத் திருப்பும்போது ஸ்டீயரிங் பிடிக்கும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது ட்ரக்குக்கு ட்ரக் மாறும், கையேட்டைப் பாருங்கள். சில வண்டிகளில் எடைப் பகிர்வு ஹிட்சே கூடாது என்று எழுதியிருப்பார்கள்.

ஸ்வே கட்டுப்பாட்டில் உராய்வு பார் மலிவு. சின்ன ட்ரெய்லருக்குச் சரி. மழையில் பிடி தளரும். பல மாடல்களில் பின்னால் எடுக்கும் முன் கழற்ற வேண்டும், மறந்தால் வளையும். ஈக்வலைசர் போன்றவை ஸ்பிரிங் பாரின் தாங்கிகளிலேயே உராய்வைச் சேர்த்துவிடும். பெரும்பாலான 20 முதல் 28 அடி ட்ரெய்லர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஹென்ஸ்லி, ப்ரோப்ரைட் வகைகள் இணைப்புக் கம்பிகளின் அமைப்பால், ட்ரெய்லர் திரும்பும் புள்ளியை ட்ரக்கின் பின் ஆக்சில் பக்கத்துக்கே கொண்டுபோய்விடும். ஃபிஃப்த் வீலுக்கு நெருங்கிய நடத்தை, விலையும் அதற்கேற்ப.

இவற்றில் எதுவும் 8 சதவீத டங் வெயிட்டைச் சரிசெய்யாது. ஆட்டம் தொடங்கும் வேகத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அப்புறம் ஆடும்போது அதிக வேகத்தில் ஆடும்.

7. டயர்

ட்ரெய்லருக்கென்றே செய்த எஸ்.டி. டயர்களில் பக்கச்சுவரில் எழுதிய உச்ச அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையில் நிரப்புங்கள், ட்ரெய்லரில் ஒட்டிய அட்டை வேறு சொன்னால் ஒழிய. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும், ஆட்டம் அங்கேயிருந்துகூட ஆரம்பிக்கும். வேகக் குறியீட்டு எழுத்து இல்லாத எஸ்.டி. டயரை 65 மைலுக்கானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரக்கின் பின் டயருக்கு இழுக்கும்போது தனி அழுத்தம் கையேட்டில் இருந்தால் அதுவே.

8. உங்கள் வண்டிக்கு ஒரு காற்று வரம்பு எழுதிவையுங்கள்

கிளம்பியபின் முடிவெடுக்க முடியாது. விடுதி முன்பதிவு, பிள்ளைகளின் பள்ளி விடுமுறை, எல்லாம் சேர்ந்து “பார்த்துக்கலாம்” என்று சொல்லவைக்கும். அதனால் வீட்டிலேயே எழுதி, ட்ரக்கின் கண்ணாடி மறைப்பில் செருகிவைக்கச் சொல்கிறேன்.

புதியவர்களுக்கு நான் சொல்லும் ஆரம்ப அளவு இது. இது என் தனிப்பட்ட அளவு, விதி அல்ல. குறுக்குக் காற்றின் வீச்சு (திடீரென்று எழும் உச்ச வேகம்) 25 மைல் வரை: 60 மைலுக்குள் ஓட்டலாம். 25-லிருந்து 35: 50-55 மைல், அனுபவம் உள்ளவர் மட்டும். 35-க்கு மேல்: நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். பரப்புக்கு எடை குறைந்த “அல்ட்ரா லைட்” என்றால் காற்று அளவு ஒவ்வொன்றிலும் 5 மைல் குறையுங்கள். தாழ்ந்த, உருண்ட ட்ரெய்லர் என்றால் கொஞ்சம் தளர்த்தலாம்.

சராசரிக் காற்றைப் பார்க்காமல் வீச்சைப் பாருங்கள். 20 மைல் சராசரியோடு 40 மைல் வீச்சு என்று முன்னறிவிப்பு சொன்னால், உங்களுக்கு அது 40 மைல் நாள். சீராக அடிக்கும் காற்றுக்கு ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துக்கொண்டே போய்விடலாம், விட்டுவிட்டு அடிப்பதுதான் ஆட்டிவிடும்.

9. வழியைக் காற்றின் கண்ணால் பாருங்கள்

வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலை, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே, ஆர்லிங்டன், எல்க் மவுண்டன் பகுதி. அதே மாநிலத்தில் ஐ-25, வீட்லேண்டுக்குத் தெற்கே. மொன்டானாவில் ஐ-90, லிவிங்ஸ்டன். கலிஃபோர்னியாவில் ஐ-10, பாம் ஸ்பிரிங்ஸ் பக்கத்து சான் கோர்கோனியோ கணவாய், காற்றாலைகள் வரிசையாக நிற்பதே எச்சரிக்கைதான். ஆரிகனில் கொலம்பியா ஆற்றை ஒட்டிய ஐ-84. இவை எல்லாமே மலைகளுக்கு நடுவே காற்று நெருக்கிப் பாயும் இடங்கள்.

வயோமிங் போக்குவரத்துத் துறையின் 511 சேவையில் சாலை நிலவரம் பகுதி பகுதியாக வரும். “லைட் ட்ரெய்லர் வேண்டாம்” என்ற அறிவிப்பு நமக்கானது. “இலகுவான உயர வாகனங்களுக்கு மூடப்பட்டது” என்று வந்தால் பேச்சே இல்லை. ட்ரெய்லர் அந்த வகையில் சேருமா என்று யோசித்துக்கொண்டே நுழைபவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும். லிவிங்ஸ்டனில் பலத்த காற்றின்போது உயர வாகனங்களை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஊருக்குள் திருப்பிவிடுவார்கள்.

சாலையின் திசையும் காற்றின் திசையும் முக்கியம். மேற்குக் காற்றில் கிழக்கே போகிறவருக்கு அது பின்காற்று, தெற்கே திரும்பிய மறுநிமிடம் அதே காற்று பக்கத்தில் அறையும். வரைபடத்தில் திருப்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாட்களில் விடியலில் காற்று அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் கூடும். ஆகவே கடினமான பகுதியைக் காலை பத்துக்குள் தாண்டும்படி முந்தைய இரவுத் தங்கலை வையுங்கள்.

10. ஓட்டும்போது

கிளம்பியதும், காலியான இடத்தில் 20-25 மைலில், ட்ரக்குக்குள் இருக்கும் ட்ரெய்லர் பிரேக்கின் கை நெம்புகோலை மட்டும் அழுத்திப் பாருங்கள். ட்ரக்கைப் பின்னால் பிடித்து இழுப்பது தெரியவேண்டும். அந்த நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று கை தேடாமல் அறிந்திருக்கவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் காட்டிவைக்கலாம்.

காற்றில் க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். அது வேகத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கும், நமக்கோ காலை எடுக்கவேண்டிய தருணங்கள் வரும்.

லாரி கடக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். லாரியின் முகத்துக்கு முன்னால் குவிந்த காற்று முதலில் ட்ரெய்லரின் வாலை வெளியே தள்ளும். லாரி பக்கவாட்டில் வந்ததும் உள்ளே இழுக்கும். இத்தோடு குறுக்குக் காற்றும் லாரி வரும் பக்கத்திலிருந்தே அடித்தால், லாரி கொஞ்ச நேரம் மறைப்பாக நிற்கும், நீங்கள் காற்றுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்த ஸ்டீயரிங் லாரி பக்கமே வண்டியைக் கொண்டுபோகும். லாரி விலகியதும் காற்று ஒரேயடியாக அறையும். கண்ணாடியில் லாரியைப் பார்த்ததுமே வேகத்தை இரண்டு மூன்று மைல் குறைத்து, தடத்தின் வெளிப்பக்கம் ஓர் அடி ஒதுங்கி, பிடியைத் தளர்த்தாமல் சின்னச் சின்னத் திருப்பங்களாகக் கொடுங்கள். பாலம், மலை வெட்டு, மேம்பாலத்தின் அடி, இவற்றிலிருந்து வெளியே வரும் இடத்திலும் இதே கதைதான்.

11. ஆட ஆரம்பித்துவிட்டால்

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்தைத் துரத்தித் திருப்பாதீர்கள். உங்கள் கை எப்போதும் ஆட்டத்துக்கு ஒரு கணம் பிந்தியே வரும், அதனால் ஆட்டம் வளரும். ட்ரெய்லர் பிரேக் நெம்புகோலை மட்டும் படிப்படியாக அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். ட்ரக்கின் பிரேக்கை மிதித்தால் ட்ரக் மெதுவாகி, ட்ரெய்லர் பின்னாலிருந்து முட்டும், ஆட்டம் பெரிதாகும். வேகம் கூட்டி நேராக்கப் பார்ப்பதும் தப்பு. ஒரு தடவை கை கொடுக்கலாம், அடுத்த தடவை ஆடும்போது அதைவிட அதிக வேகத்தில் இருப்பீர்கள்.

அடங்கியதும் ஓரமாக நிறுத்தி டயரையும் ஹிட்சையும் சாமானையும் பாருங்கள். அலமாரிக் கதவு திறந்து சாமான் முழுவதும் பின்னால் போயிருப்பது நடக்கிற விஷயம்தான்.

12. காற்றுக்காக நிறுத்தும்போது

நிறுத்துகிற இடத்திலும் வடிவம் வேலை செய்யும். ட்ரெய்லரின் முகத்தைக் காற்றுக்கு நேராக வையுங்கள், 176 சதுர அடிக்குப் பதில் 64 சதுர அடியில்தான் காற்று பிடிக்கும். ட்ரக்கைக் கழற்றாமல் விடுங்கள். ஸ்லைடு-அவுட்டை (சுவரிலிருந்து வெளியே நீளும் அறைப்பகுதியை) வெளியே தள்ளாதீர்கள், அதன் மேல் துணிக்கூரை கிழியும். வெளிப்பந்தலையும் விரிக்காதீர்கள். ட்ரக் ஸ்டாப்பில் இரண்டு லாரிகளுக்கு நடுவே இடம் கிடைத்தால் நல்ல மறைவு, ஆனால் காற்றுப் பக்கத்து லாரி விடியற்காலையில் கிளம்பிப் போய்விடும் என்பதையும் மனதில் வைத்துப் படுங்கள்.